ஆட்சேபணை சார் ‘சரி’ என்றார்

சென்னை மாநகரத்தில் எதற்குமே சரி சொல்லாமல் வாழ்ந்து காட்டிய ஒரே மனிதர் எங்கள் ஆட்சேபணை சார்தான். வெயில் கொளுத்துகிறது என்று சொன்னால்கூட, “அப்டியெல்லாம் ஒண்ணும் இல்ல” என்பார், கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

அபிராமபுரத்தில் ஒரு மாடியில் இயங்கும் சின்னச் சுற்றுச்சூழல் அமைப்பு எங்களுடையது. அவர் கணக்கர். எல்லாரும் சம்மதித்தால்தான் எந்த முடிவும் என்பது அமைப்பை நடத்தும் எங்கள் மேடத்தின் கொள்கை. அதை வைத்துக்கொண்டு அவர் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! மின்விசிறியை மூன்றுக்கு மேல் வைக்க ஆட்சேபணை. க்ரீம் பிஸ்கட்டுக்கு ஆட்சேபணை. காகிதக் கப்பில் டீ வந்தால் உள்பக்கத்தை நகத்தால் சுரண்டிக் காட்டுவார். “பிளாஸ்டிக் பூசிக்கீது. எட்த்துனு போ நைனா.” டீ திரும்பிப் போகும். நாங்கள் கொட்டாவி விடுவோம்.

அவர் வீடு பாலவாக்கம் குப்பத்தில். தம்பி கடலுக்குப் போகிறவர். தம்பியின் வலையில் மீனுக்குப் பதிலாக வந்ததையெல்லாம் திங்கட்கிழமைதோறும் பையில் கொண்டுவந்து மேஜைமேல் கொட்டுவார். ஒருமுறை புரியாத எழுத்துப் போட்ட பாட்டில்.

“இன்னா பாஷை பாப்பா இது?”

“தெரியல சார். வேற நாட்டுது.”

“அப்ப நம்ம மட்டும் கத்தினா போதாது. எல்லா நாடும் குந்திப் பேசணும்.”

குந்தினார்கள். பிளாஸ்டிக் மாசுக்கு முடிவுகட்ட உலக ஒப்பந்தம் எழுத ஜெனிவாவில் கூட்டம். பார்வையாளராகப் போக மேடம் என் பெயரைச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். அந்த இடம் எனக்குத் தகும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் எல்லார் கண்ணும் அவர் பக்கம் திரும்பியது. அவர் என் காலைப் பார்த்தார்.

“இந்தச் செருப்புக்கு ஆட்சேபணை. அது குளுரு ஊரு. ஷூ வாங்கிக்கோ.”

ஜெனிவாவில் கடைசி நாள் கூட்டம் கலைந்ததும் அலுவலகத்துக்கு போன் செய்தேன். அவர்தான் எடுத்தார்.

“ஒப்பந்தம் இல்ல சார்.”

“யாரு வாணான்னது?”

“சில நாடுங்க. பிளாஸ்டிக் தயாரிக்கிறதைக் குறைக்க மாட்டாங்களாம்.”

“மிச்சப் பேரு இன்னா பண்ணாங்க?”

“எல்லாரும் ஒத்துக்கிட்டாதான் சார் முடிவு.”

மெதுவாக, “நம்ம ஆபீஸ் மாரியேவா” என்றார். வைத்துவிட்டார்.

நான் திரும்பி வந்தபோது மின்விசிறி ஐந்தில் சுழன்றுகொண்டிருந்தது. தட்டு நிறைய க்ரீம் பிஸ்கட். எதைக் கேட்டாலும் “சரி.” திங்கட்கிழமைப் பையும் நின்றுவிட்டது. அவரைச் சீண்டவென்றே காகிதக் கப்பில் டீ வரவழைத்தோம். “சார், உள்ள பிளாஸ்டிக் கீது” என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

“நீங்கல்லாம் குடிக்கிறீங்கல்ல” என்று குடித்து முடித்தார். எத்தனையோ நாள் நாங்கள் ஏங்கிய அமைதிதான். ஆனால் எங்களால் அதில் உட்கார முடியவில்லை.

மழைக்காலத்தில், தூக்கத்திலேயே போய்விட்டார். பாலவாக்கத்தில் அவர் வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் கவனித்தோம்: மயிலாப்பூர்ப் பூக்கடையில் மாலையைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். மேடம் கையில் அது தொங்கியது.

உள்ளே போகாமல் எல்லாரும் அப்படியே நின்றோம், அவர் திட்டட்டும் என்று.