வீட்டுக்குள் மேசை நட்டவர்

கொல்லிமலையில் வீட்டுக்குக் கதவு வைப்பதற்கு முன்னால் மேசை வைத்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் வீட்டு வாசலில் நான் பார்த்தவரைக்கும் ஒரு மூங்கில் தட்டிதான் சாத்தியிருந்தது. காட்டுப்பன்றி உள்ளே வந்துவிடாதா என்று ஒருமுறை கேட்டேன். "பன்னி வந்தா தொரத்திக்கலாமுங்க. படிக்கற புள்ளைக்கு முதுகு கோணிப் போச்சுன்னா அதை யாரு நிமித்தறது?" என்றார். அவர் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. அவர் எதையுமே சிரித்துக்கொண்டு சொன்னதில்லை.

ஐம்பதுகளின் நடுவில் மலையில் வாழவந்தி நாடு என்று சொல்கிற பகுதியில் ஒரு சின்ன ஊருக்கு நான் வாத்தியாராகப் போனேன். மலைக்கு அப்போது பஸ் கிடையாது. அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏற வேண்டும். பள்ளிக்கூடம் என்பது ஒரு கூரைக் கொட்டகை, ஒரு கரும்பலகை, நான். மேசை வைத்த அந்த மனிதருக்குக் கொஞ்சம் சாமைக் காடும் பலா மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடியும் இருந்தன. பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று இருந்தது. ஆனால் பிற்பாடு ஊர் முழுக்க அவரை மேசைநட்டார் என்றே சொல்லிப் பழகி, சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அவர் மனைவி செல்லம்மாவே கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

அவருக்கு ஒரே மகள், பழனியம்மா. அவளை என்னிடம் ஒன்றாம் வகுப்பில் சேர்த்த புதிதில் ஒருநாள் கொட்டகை வாசலில் வந்து நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, சிலேட்டை மடியில் வைத்து, மூக்கு அதில் இடிக்கிற மாதிரி குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க வாத்தியாரே, நீங்க மட்டும் எதுக்குங்க மேசை மேல வெச்சு எழுதறீங்க?"

"எழுத வசதியா இருக்குதுங்க."

"எழுதத் தெரிஞ்ச உங்களுக்கே வசதி வேண்டியிருக்குது. எழுதத் தெரியாத புள்ளைக்கு எத்தனை வேணும்?"

பயிற்சிப் பள்ளியில் எனக்கு இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை. சாக்பீஸ் எடுக்கிற சாக்கில் தலையைக் குனிந்தேன். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, அடுத்த சந்தைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு பேளுக்குறிச்சிக்கு இறங்கினார். பழனியம்மா அவர் தோளில் உட்கார்ந்து வந்தாள்.

சந்தையில் ஆசாரிகள் கட்டில், கலப்பை, மணை, முக்காலி என்று பரப்பி வைத்திருந்தார்கள். எதற்குப் பக்கத்தில் போனாலும் மகளை உட்கார வைத்து, எழுதுகிற மாதிரி கையை ஆட்டச் சொல்லி, பின்பக்கம் போய் முதுகைப் பார்ப்பார். தலையை ஆட்டிவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்வார். ஒரு ஆசாரிக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏனுங்க, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கற மாதிரியல்ல பாக்கறீங்க?"

"மாப்பிள்ளைக்கு இத்தனை பாக்க மாட்டனுங்க. அது சரியில்லீன்னா ஊட்டுக்குத் திரும்பி வந்துக்குவா."

இன்றைக்கு வாங்கினால் பிள்ளை படித்து முடிக்கிறவரை ஆக வேண்டும், அவள் வளர வளர அதுவும் உயர வேண்டும், அப்படி ஒரு மேசை இருக்கிறதா என்று கேட்டார். ஆசாரி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "வளர்ற மேசை வேணும்னா மரமா இருக்கறப்பவே வாங்கிருக்கோணுமுங்க" என்றார்.

கடைசியில் அங்கே இருந்ததிலேயே உயரமான மேசையை வாங்கினார். யாரோ மண்டிக்காரர் செய்யச் சொல்லிவிட்டு வாங்காமல் விட்டது. அதைக் கவிழ்த்துத் தலைமேல் வைத்துக்கொண்டு, நான்கு கால்களும் வானத்தைப் பார்க்க, மலை ஏறினார். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. பழனியம்மாவும் நானும் இரண்டு பக்கமும் ஒண்டிக்கொண்டு மேசைக்கு அடியிலேயே நடந்தோம். எதிரே வந்த சிலர் சாமி வருகிறது என்று நினைத்து ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள். அவரும் நின்று தலையை ஆட்டாமல் மரியாதையாகப் பார்த்துவிட்டு நடந்தார்.

வீட்டில் மேசையை இறக்கிவிட்டுப் பார்த்தால், பழனியம்மாவின் உச்சி மட்டும் பலகைக்கு மேலே தெரிந்தது. காலை அறுத்துவிடலாம் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், யாருடைய காலை அறுக்கச் சொன்னேன் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மறுநாள் மண்தரையில் நான்கு குழி தோண்டினார். மேசைக் கால்களை உள்ளே இறக்கி, மண்ணைத் தள்ளி, மிதித்துக் கெட்டிப்படுத்தினார். மேசை மகளின் முழங்கை உயரத்துக்கு வந்து நின்றது. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கி உயர்த்திக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. நாற்காலிக்குப் பதில் பலாமரத் துண்டு ஒன்று. அவள் வளர்ந்தால் உயரமான துண்டாக மாற்றிக்கொள்ளலாம்.

"காட்டுல நட வேண்டிய ஆளு ஊட்டுல நட்டுட்டு உக்காந்திருக்கறாரு" என்று செல்லம்மா ஊரெல்லாம் சொன்னார். அந்தப் பெயர் அப்படி வந்ததுதான். வீட்டில் இருந்ததே ஒரே அறை. மேசை வந்த பிறகு செல்லம்மா அதற்கு அடியில் காலை நீட்டித்தான் படுக்க வேண்டியிருந்தது.

மேசை விஷயத்தில் தனக்கு எல்லாம் தெரியும் என்று அவருக்கு ஒரு எண்ணம் வந்துவிட்டது. எனக்கு முதுகு வளைகிறது என்று சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பள்ளிக்கூட மேசைக்கு அடியில் கருங்கல் வைத்து உயர்த்திவிட்டார். அந்த வருஷம் முழுக்க நான் நின்றுகொண்டேதான் எழுதினேன். கல்லை எடுக்க மனம் வரவில்லை. தினமும் வந்து "இப்பத் தேவலைங்களா?" என்று விசாரிப்பார். தேவலை என்பேன்.

முதல் வருஷம் மேசை நன்றாக உயர்ந்தது. அடுத்த வருஷம் மழை அதிகம். பழனியம்மா மூன்றாம் வகுப்புக்கு வந்தபோது, வழக்கம்போல மண்ணைக் கிளறிவிட்டு இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். மேசை வந்தது. கால்கள் வரவில்லை.

கரையான். மண்ணுக்குள் இருந்த அளவுக்கு நான்கையும் தின்று முடித்திருந்தது. பிள்ளை உயர்ந்துவிட்டாள், மேசை குட்டையாகிவிட்டது. அதை மகளின் முன்னால் வைத்துப் பார்த்தார். அவள் பழையபடி குனிந்தாள். அவர் வெளியே போய்ப் பலா மரத்தடியில் உட்கார்ந்தார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கல் வைத்து உயர்த்திப் பார்த்தோம். கரையான் தின்ற கால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக ஆடியது. அப்போது செல்லம்மா கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தார். அந்த மேசையைப் பற்றி அதுவரை ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவர். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"ஏனுங்க, மேசை மேல வரலீன்னா என்ன, புள்ளையைக் கீழ எறக்குங்க" என்றார். அவரே மேசைக்கு முன்னால் தரையைக் கொத்த ஆரம்பித்தார். பழனியம்மாவின் காலை நீட்ட ஒரு குழி, உட்காரக் கரையில் ஒரு படி. மாலைக்குள் வேலை முடிந்தது. மகள் குழியில் காலை விட்டு உட்கார்ந்து, முதுகை நேராக வைத்து, சாமை என்று எழுதிக் காட்டினாள். மேசைநட்டார் பின்பக்கம் போய்ப் பார்த்தார். பிறகுதான் சோறு கேட்டார்.

அதன்பிறகு பிள்ளை வளர வளர வீடு கீழே போய்க்கொண்டிருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை செல்லம்மா கொத்துவார், அவர் மண்ணை அள்ளுவார். கோழிகள் விழும். விருந்தாளிகளும் விழுவார்கள்.

அப்படி விழுந்தவர்களில் முக்கியமானவர் செல்லம்மாவின் அண்ணன். திண்ணனூர் நாட்டுக்காரர், கொஞ்சம் வசதியானவர். பழனியம்மா ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். அதற்குமேல் படிக்க வேண்டுமானால் கீழே டவுனில் ஹாஸ்டலில் சேர்க்க வேண்டும். அதெல்லாம் வேண்டாம், என் மகனுக்குப் பேசி வைத்துக்கொள்ளலாம் என்று வெற்றிலை பாக்கோடு வந்தார். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தவருக்குக் கண் தெரியவில்லை. நேராகக் குழிக்குள் போனார்.

கணுக்கால் பிசகி வீங்கிவிட்டது. பச்சிலை வைத்துக் கட்டினார்கள். மலைப்பாதையில் நடந்து திரும்ப முடியாது என்பதால் வீட்டிலேயே கிடந்தார். இருப்பது ஒரே அறை. தினமும் சாயங்காலம் பழனியம்மா வந்து, "மாமா, காலைக் கொஞ்சம் நகத்திக்குங்க, எழுதோணும்" என்பாள். பெண் கேட்டு வந்தவர் அவள் படிக்க இடம் விட்டுச் சுவரோடு ஒண்டிக்கொள்வார்.

நான் போயிருந்த ஒரு மாலையில் அண்ணன் பேச்சை எடுத்தார்.

"மாப்ளே, பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இத்தனை? நீ பேசறதைப் பாத்தா உனக்கு என்னமோ வெறி புடிச்ச மாதிரி இருக்குது."

மேசைநட்டார் குழிக்கரையில் உட்கார்ந்தார்.

"நானும் கீழ்நாட்டுல பள்ளிக்கூடம் போனேன் மச்சான். சின்ன வயசுல, கொஞ்ச நாளு. பெஞ்சுல எடமில்லைன்னு சொல்லி என்னைய வாசப்படியில உக்கார வெச்சாங்க. எடம் இருந்துது. எனக்குத் தெரிஞ்சுது. மலைக்காரப் பையன் பக்கத்துல உக்கார அவங்களுக்குப் புடிக்கல. ஒருநாள் எந்திரிச்சு வந்துட்டேன். அப்புறம் போகல."

செல்லம்மாவுக்கே இது தெரியாது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

அண்ணன் கேட்டார். "இப்ப மட்டும் இவளைப் பெஞ்சுல உக்கார வெப்பாங்களா?"

"அது தெரியல மச்சான். போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

கால் சரியானதும் அண்ணன் வெற்றிலை பாக்கை மடியிலேயே கட்டிக்கொண்டு கிளம்பினார். "போய்ப் பாத்துட்டு வா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பழனியம்மாவை டவுனில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேர்க்க நானும் கூடப் போனேன். தலைமையாசிரியை நல்ல அம்மாள். சாப்பாடு, துணிமணி, லீவு எல்லாவற்றையும் விளக்கினார். எல்லாவற்றுக்கும் மேசைநட்டார் ஆமாங்க என்றார். ஒன்றும் காதில் விழவில்லை என்று எனக்குத் தெரியும். கடைசியில், "புள்ளை உக்கார எடத்தை ஒருக்காப் பாக்கலாமுங்களா?" என்றார்.

பகல் சாப்பாட்டு நேரம். வகுப்பு காலியாக இருந்தது. அந்த அம்மாள் பழனியம்மாவின் தோளைப் பிடித்து முன்வரிசைப் பெஞ்சைக் காட்டி, "இதுதான் உன் இடம். சன்னல் வெளிச்சமும் நல்லா வரும்" என்றார். பிறகு அவளை ஹாஸ்டல் காட்டக் கூட்டிக்கொண்டு போனார்.

பழனியம்மா அங்கே படித்து, நர்ஸ் வேலைக்குப் படித்து, ஊரில் முதல் சம்பளக்காரி ஆனாள். அண்ணன் மகனுக்கு வேறு இடத்தில் பெண் கிடைத்தது. மேசைநட்டார் இப்போது இல்லை. இதெல்லாம் பின்னால் நடந்தவை. எனக்கு நினைவில் நிற்பது அந்தப் பகல்தான்.

நான் சன்னல் பக்கம் நின்றுவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போது அவர் முன்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் டெஸ்க்கில் இடித்தது. தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிப்பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, வெறும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு நேராக இருந்தது.

வெளியே பியூன் மணியடிக்கப் போவது தெரிந்தது. நான் மெல்ல வெளியே வந்து, "கொஞ்சம் பொறுத்து அடிங்கண்ணா. உள்ளே ஒருத்தர் உக்காந்திருக்கார்" என்றேன்.