மணி தெரியற கேமராதான் வேணும்

ஒரு பொருளை வாங்கும்போது அதில் என்னென்ன வசதி இருக்கிறது என்று கேட்பவன் புத்திசாலி. அந்த வசதியை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்பவன் அவனைவிடப் புத்திசாலி. நான் முதல் கேள்வியோடு நின்றுவிட்டவன். (பள்ளிக்கூடத்தையே எட்டாவதோடு நிறுத்தியவன். எதையும் பாதியில் விடுவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.)

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் எனக்குப் பூஜை சாமான் கடை. கற்பூரம், சாம்பிராணி, விபூதி, பஞ்சாங்கம், தினசரி காலண்டர். முருகன் புண்ணியத்தில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. வீதியில் பாதிப் பேர் என்னிடம் வந்து, "இன்னிக்கு ராவுகாலம் எப்போங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் கடையைத் திறப்பார்கள். ராகுவே காலையில் என்னிடம் சொல்லிவிட்டுப் போனதுபோல நானும் பதில் சொல்வேன். (அது காலண்டர் தாளிலேயே அச்சாகியிருக்கிறது என்பதை நான் யாருக்கும் சொன்னதில்லை.)

அந்த வருஷம் என் தங்கை செல்விக்குக் கல்யாணம் நிச்சயமானது. அப்பா போன பிறகு அவள் என் பொறுப்பு. மாப்பிள்ளைக்கு ஊர் மூங்கில்துறைப்பட்டு, சர்க்கரை ஆலையில் ஃபிட்டர் வேலை. வாயில் வார்த்தையே வராத சாது. அவர் வீட்டில் எல்லாமே தாய்மாமன் வைத்ததுதான் சட்டம். நைனார்பாளையத்தார் என்றால் அவரை அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். முகூர்த்தம் குறித்துக் கொடுத்ததும் அவரே. வெள்ளிக்கிழமை, காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள்.

"ஒம்போதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆச்சின்னா, நான் துண்ட ஒதறிப் போட்டுக்கினு எழுந்து போய்க்கினே இருப்பேன்" என்று நிச்சயத்தன்றே என்னைப் பார்த்துச் சொன்னார்.

அந்தச் சமயத்தில் சிங்கப்பூரிலிருந்து கடிதம் வந்தது. என் மனைவி கோமதியின் தம்பி சேகர் அங்கே வேலையில் இருந்தான். கல்யாணத்துக்கு வரும்போது வீடியோ கேமரா வாங்கி வருவதாக எழுதியிருந்தான். கூடவே வழவழவென்று ஒரு படப் புத்தகம். "மச்சான், ஒன்றில் ஒரு வசதி இருந்தால் இன்னொரு வசதி இல்லை. எல்லாம் இருப்பது நம்மால் முடியாது. எது முக்கியம் என்று வீட்டில் கேட்டு எழுதுங்கள்."

வீட்டில் கேட்டேன். கோமதிக்கு, தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் இழுக்கும் வசதி பிடித்துவிட்டது. "கல்வராயன் மலைய நம்ம வூட்டு வாசலாண்ட இழுத்துக் காட்டுமாங்க?" என்றாள். செல்விக்கு, வெளிச்சம் கம்மியாக இருந்தாலும் முகம் பளிச்சென்று விழுகிற கேமரா வேண்டும். சேகரோ, நம் ஊர் கரண்டை நினைத்து, பேட்டரி அதிக நேரம் நிற்பதை வாங்கலாம் என்று எழுதியிருந்தான். மூன்றுமே நியாயமான ஆசைகள்தான்.

நான் பக்கத்தைப் புரட்டினேன். ஒரு வெள்ளைக்காரக் குழந்தை கேக்கை ஊதுகிற படம். அதன் கீழ் மூலையில் தேதியும் மணியும் எழுத்தாக விழுந்திருந்தன. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தாலி கட்டுகிற நேரம் படத்திலேயே பதிந்துவிட்டால், முகூர்த்தத்துக்குள் கட்டினார்களா இல்லையா என்று எந்தச் சம்பந்தியும் எந்தக் காலத்திலும் வாய் திறக்க முடியாதே!

"மனுசன் மறப்பான், மாத்திச் சொல்வான். மிசின் பொய் சொல்லாது" என்றேன் வீட்டில். அடுத்த நாள் கடைவீதியிலும் சொன்னேன். (கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.)

சேகருக்குப் பதில் போட்டேன்: "படம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. மணி தெரிய வேண்டும்." அவன் திருப்பி எழுதினான்: "மச்சான், கேமரா படம் எடுக்கத்தானே?" சின்னப் பையன், விவரம் போதவில்லை என்று விட்டுவிட்டேன்.

கேமரா வந்தது. தோளில் வைத்தால் ஆட்டுக்குட்டியைத் தூக்கின மாதிரி இருந்தது. முருகன் படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினேன். அதன் கண்ணுக்கு நடுவில் சந்தனம் வைக்கப் போனவனைச் சேகர்தான் பாய்ந்து தடுத்து, முதுகில் வைக்கச் சொன்னான்.

"மச்சான், இதுல டைமு வந்து..." என்று ஆரம்பித்தான்.

"மணி தெரியுதா, தெரியலயா?"

"தெரியுது."

"அப்புறம் இன்னா? பூஜ போட்டாச்சி. பட்டனெல்லாம் நோண்டாத."

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. கேட்டவர்கள் பக்கம் நியாயம் இருந்தது, எங்கள் தெருவிலிருந்தே பலர் போயிருந்தார்கள். ஆனால் எந்த ரோட்டை மறித்து எந்த நேரம் வெட்டின புளியமரம் கிடக்கும் என்பது மட்டும் என் கடைப் பஞ்சாங்கத்தில் இல்லை. நாங்கள் வியாழக்கிழமையே மூங்கில்துறைப்பட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். நைனார்பாளையத்தார் வெள்ளிக்கிழமை விடியலில் வேன் வைத்துக் கிளம்பினார். ஒரு மரம். சுற்றிப் போனார். அங்கே ரெண்டு மரம். திரும்பி வீட்டுக்கே போய்விட்டார். ஆக, முகூர்த்தம் குறித்தவரே முகூர்த்தத்துக்கு இல்லை.

கேமராவை நானே பிடித்தேன். (சேகர் கெஞ்சினான், கொடுக்கவில்லை.) எனக்கு ஒரு கண்ணை மட்டும் மூட வராது. கோமதி பக்கத்தில் நின்று என் இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டாள். உள்ளே பார்த்தால் மூலையில் குட்டிக் குட்டியாக எண்கள் மினுக்கின. அப்பாடா, மணி இருக்கிறது! என்ன மணி என்று அதில் பார்க்கத் தோன்றவில்லை. தாலி ஏறினதும் பக்கத்தில் வாட்ச் கட்டியிருந்தவரைக் கேட்டேன். "எட்டேகால்" என்றார். முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

மறுவீட்டுக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு மாப்பிள்ளையின் அம்மாவோடு ஊர் திரும்புவதாக ஏற்பாடு. ரோடு திறந்துவிட்டதால் நைனார்பாளையத்தாரும் வந்திருந்தார். கல்யாணத்தைப் பார்க்காத மனுஷருக்குக் கல்யாணத்தையே காட்டிவிடலாம் என்று, டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்துக் கூடத்தில் வைத்தேன். அவருக்கு மட்டும் நாற்காலி, மாப்பிள்ளைக்கு ஒரு ஸ்டூல். மற்றவர்களெல்லாம் தரையில்.

"ஐயா, மொதல்லேர்ந்து பாத்தா நேரமாவும். முக்கியமான எடத்துக்கே போயிடலாங்க" என்று டேப்பை ஓடவிட்டேன். கெட்டிமேளம் கேட்டது. திரையில் பந்தக்கால் நன்றாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால் யாரோ யாருக்கோ தாலி கட்டினார்கள்.

"இதுல பொண்ணு எங்கப்பா?" என்றார் நைனார்பாளையத்தார்.

"அத வுடுங்கய்யா. கீழ பாருங்க, மணி!"

அத்தனை பேரும் கீழே பார்த்தார்கள். நான் சொல்லாமல் இருந்திருந்தால் யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். பத்து நாற்பத்தேழு.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகக் கேட்டார்: "ஏந்தம்பி, வெள்ளிக்கெழம பத்தேமுக்காலுக்கு இன்னா?"

யாராவது நாளையும் நேரத்தையும் சொல்லிக் கேட்டால் பதில் சொல்லிச் சொல்லிப் பழகின வாய். என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"பத்தரையிலேர்ந்து பன்னெண்டு ராவுகாலங்க."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. டி.வி.யில் நாயனம் பாட்டுக்கு ஊதிக்கொண்டிருந்தது.

"ஐயா, எட்டேகாலுக்குத்தான் கட்டினதுங்க. எல்லாரும் பாத்தாங்க" என்றேன்.

"நானும் பாத்தேண்ணா" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"நீ வாட்ச்சி கட்டியிருந்தியா?" என்று நைனார்பாளையத்தார் தன் தங்கையை அடக்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மிசின் பொய் சொல்லாதுன்னு கடவீதி பூரா நீங்கதான சொல்லிக்கினு திரிஞ்சீங்க?"

மானக்கேடு என்னவென்றால், எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்த வாட்ச்காரர் சரியாகத்தான் சொன்னாரா?

அவர் தீர்ப்புச் சொன்னார்: "பொண்ணு இங்கயே இருக்கட்டும். புரட்டாசி பொறக்கப் போவுது, ஒண்ணும் செய்ய முடியாது. ஐப்பசியில நல்ல நாள் பாத்து மறுக்கா கட்டி, அப்புறமா அழைச்சிக்கினு போவலாம்."

மாப்பிள்ளை வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். செல்வி கதவோரம் நின்றிருந்தாள். துணி அடுக்கின பை அவள் காலடியில். அழவில்லை. அந்தப் பையைக் குனிந்து எடுத்து உள்பக்கமாக நகர்த்தி வைத்தாள், அவ்வளவுதான். கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகாத பெண்ணை அண்ணன் வீட்டில் உட்கார வைத்தால் தெரு என்னவெல்லாம் பேசும்! பூஜை அறைக்குள் போய், "முருகா, மணி கேட்டது நானு. தண்டன அவளுக்கா?" என்று நின்றேன். வேறு மந்திரம் எதுவும் வரவில்லை.

வெளியே அவர் குரல் கேட்டது. "யாரால இவ்ளோ லேட்டாச்சின்னு நான் பாக்கணும். மணையில குந்த வச்ச எடத்துலேர்ந்து போடு."

சேகர் டேப்பைப் பின்னால் ஓட்டிப் போட்டான். நானும் வந்து சுவரோரம் நின்றேன். திரையில் மாப்பிள்ளை மாலையோடு உட்கார்ந்திருக்கிறார். ஐயர் ஏதோ சொல்லச் சொல்கிறார். திடீரென்று தூரத்தில் ஆலைச் சங்கு ஊதுகிற சத்தம். சத்தம் கேட்டதும் மணையிலிருந்த மாப்பிள்ளை வேட்டியைப் பிடித்துக்கொண்டு விருட்டென்று பாதி எழுந்தார். பக்கத்திலிருந்த சிநேகிதர் தோளை அமுக்கி உட்கார வைத்தார்.

திரையில் மட்டுமில்லை. எங்கள் கூடத்தில், ஸ்டூலில் இருந்த மாப்பிள்ளையும் பாதி எழுந்துவிட்டார்!

"டேய், ஏண்டா எழுந்திரிக்கிற?" என்றார் நைனார்பாளையத்தார்.

"சங்கு, மாமா. எட்டு மணிச் சங்கு. பழக்கத்துல..."

"எட்டு மணிச் சங்கா?"

"ஆமா மாமா. அப்ப உள்ள இல்லன்னா ஆப்சென்ட் போட்டுருவாங்க."

கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் அவர் பேசின நீளமான பேச்சு அதுதான். எல்லோரும் திரையின் கீழே பார்த்தோம். பத்து முப்பது.

சேகர் நெற்றியில் அறைந்துகொண்டான். "மச்சான்! அது சிங்கப்பூர் டைமு! நம்மள விட ரெண்டர மணி நேரம் ஜாஸ்தி. கடையில வச்ச மணி அப்படியே ஓடிக்கினு கீது!"

"நீ ஏண்டா சொல்லல?"

"சொல்ல வந்தேனே! பூஜ போட்டாச்சி, நோண்டாதன்னீங்களே!"

நைனார்பாளையத்தார் விரல் விட்டுக் கழித்தார். இரண்டாம் தடவையும் கழித்தார். எட்டுப் பதினேழு. முகூர்த்தம் தப்பவில்லை என்று தெரிந்தாலும், ஏறின இடத்திலிருந்து அவ்வளவு சுலபமாக இறங்க அவருக்கு மனசில்லை.

"அப்ப சிங்கப்பூருக்கு அந்நேரம் ராவுகாலமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அந்த ஊரு மணிக்கு ராவுகாலந்தாங்க" என்றேன்.

"கல்யாணம் எந்த ஊர்ல நடந்துச்சி?"

"மூங்கில்துறைப்பட்டுலங்க."

துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார். "அப்ப செல்லும்" என்றார். "எம்மா செல்வி, பையத் தூக்கு. பஸ்ஸுக்கு நேரமாவுதில்ல?"

செல்வி பையை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அண்ணா, அடுத்த தபா கேமரா வாங்கினா, அதுல பொண்ணு தெரியுமான்னு ஒரு வார்த்த கேட்டுக்க."

போன வருஷம் செல்வியின் மகளுக்குக் கல்யாணம். நைனார்பாளையத்தார் நன்றாகத்தான் இருக்கிறார், காதுதான் கொஞ்சம் கம்மி. பத்திரிகையில் முகூர்த்த நேரத்துக்குப் பக்கத்தில் ஒரு வார்த்தை சேர்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார், சேர்த்தார்கள்: "காலை 7.30 மணிக்கு மேல் 9.00 மணிக்குள் (இந்திய நேரப்படி)".

அச்சகத்துப் பையன் அதைப் படித்துவிட்டுக் கேட்டானாம்: "மாப்ள வூடு வெளிநாடுங்களாம்மா?"

செல்வி சொல்லியிருக்கிறாள்: "இல்லப்பா, சின்னசேலந்தான். எங்கண்ணன் வராரு, அதுக்காவ."