பெட்ரோலா, பேட்டரியா? பாப்பம்!

போடிநாயக்கனூரில் ஒரு பொருளை வாங்குவதற்கு முன்னால் அதைப் பெண் பார்ப்பதுபோலப் பார்க்கிறவர்கள் நிறைய உண்டு. பெண் பார்த்து, நிச்சயம் செய்து, வளைகாப்பு வரைக்கும் நடத்திவிட்டு, "சரி, வேற ஒண்ணு காட்டுங்க" என்று சொல்லக்கூடியவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான்.

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டில் இருக்கலாம். ஊருக்கு அவர் 'பாப்பம்' அண்ணே. எதைக் கேட்டாலும் முதலில் வருகிற பதில் அதுதான். "சாப்பிட்டாச்சாண்ணே?" என்று கேட்டால்கூட ஒரு கணம் மோவாயைத் தடவிவிட்டு, "வீட்டுல போய்ப் பாப்பம்" என்பார்.

ஒருமுறை குடை வாங்கப் போனார். விரித்துப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். கடைக்காரர் பையில் போடப் போகும்போது, "ஒரு சொம்பு தண்ணி கொண்டா, மேல ஊத்திப் பாப்பம்" என்றார். ஊற்றினார்கள். ஒழுகவில்லை. "சாரல் அடிச்சா எப்பிடி?" என்று கேட்டார். கடைக்காரர் பக்கவாட்டிலிருந்தும் ஊற்றினார். அண்ணன் நனையவில்லை. பக்கத்தில் இருந்த பஞ்சாங்கக் கட்டு முழுக்க நனைந்துபோனது.

வீட்டுக்கு வெள்ளையடிக்கிற சமயத்தில், எந்த நிறம் என்று முடிவு செய்வதற்காக முன்சுவரில் ஆளுயரத்துக்குப் பல நிறங்களைத் தீட்டிப் பார்த்தார். வெயிலில் ஒரு நாள், மேகமூட்டத்தில் ஒரு நாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். பெயின்ட்காரர் வேறு வேலைக்குப் போய்விட்டார். சுவர் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. அந்தத் தெருவுக்கு வழி கேட்டால், "கொடி கட்டுன மாதிரி ஒரு வீடு வரும், அதத் தாண்டிப் போங்க" என்கிறார்கள்.

அவருடைய மனைவியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். "எப்பிடி மதினி இவர் கூடக் காலந்தள்றீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். மதினி சிரிக்காமல் சொன்னார்: "என்னைய மட்டும் ஒரே பார்வையில முடிவு பண்ணிட்டாருல்ல தம்பி. அதுல சூடு பட்டுத்தான் இப்ப எல்லாத்தையும் இப்பிடிப் பாக்குறாரு."

நான் வேலை பார்ப்பது போடியில் விவசாயக் கருவிகள் விற்கும் ஒரு கடையில். மருந்தடிக்கும் தெளிப்பான், தண்ணீர் மோட்டார், புல் வெட்டும் மிஷின், எல்லாம் உண்டு. அண்ணனுக்குப் போடிமெட்டைத் தாண்டி, சரிவில் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. அங்கே களையை அரிவாளால் வெட்டியே பழகியவர். போன வருடம் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. இனிமேல் அரிவாளை ஓங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் ஒரு சனிக்கிழமை காலை எங்கள் கடைப்படி ஏறினார்.

"புல்லு வெட்டுற மிசினு வேணும் தம்பி."

"பெட்ரோலா, பேட்டரியாண்ணே?"

நான் கேட்டது தப்பு. வேறு எதைக் கேட்டிருந்தாலும் பரவாயில்லை, அவரிடம் போய் இரண்டில் ஒன்று என்று கேட்டிருக்கவே கூடாது. அண்ணன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்தது.

"ரெண்டு இருக்கா? அப்பப் பாப்பம்."

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் வந்தார். முதல் வாரம் பெட்ரோல் மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு மத்தியானம் வரைக்கும் கடைக்குள்ளேயே உலாவினார். பாரம் தாங்குமா என்று பார்க்கிறாராம். மிஷினோடு போய் எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு, மிஷினோடு திரும்பினார். அடுத்த வாரம் பேட்டரி மிஷின். அது எடை குறைவு. குறைவாக இருந்ததே அவருக்குச் சந்தேகமாகிவிட்டது. "உள்ள எல்லாம் வச்சிருக்காய்ங்களா?" என்று காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.

மூன்றாவது வாரம் நடந்ததுதான் முதலாளிக்குத் தாங்கவில்லை. தேவாரத்திலிருந்து ஒருவர் வந்தார். மிஷினை மாட்டிக்கொண்டு நின்ற அண்ணனைக் கடை ஆள் என்று நினைத்து, "இது எப்பிடி, நல்லா உழைக்குமா?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் மிகுந்த பொறுப்போடு, "அவசரப்படாதீங்க. நானே இன்னும் பாத்து முடிக்கல" என்று சொல்லி அவரை அனுப்பிவைத்துவிட்டார்.

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவர நாம வேலைக்கு வச்சிருக்கமா?"

"இல்லங்க."

"அப்ப ஒண்ணு, அவருக்கு மிசின வித்துரு. இல்ல, சம்பளத்தப் பேசிரு."

இதற்கிடையில் மலையில் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. அந்த வருடம் நல்ல மழை. ஜீப் ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு இறங்குகிற நடைபாதை முழுக்கப் புல்லும் உண்ணிச்செடியும் இடுப்பு உயரத்துக்கு ஏறிவிட்டன. காய் எடுக்கிற பருவம் வேறு. ஏலக்காய் பழுக்கிற வரைக்கும் செடியில் விட முடியாது. விட்டால் வெடிக்கும், மிச்சத்தை அணில் பார்த்துக்கொள்ளும். காய் எடுக்க வருகிற பெண்கள் ஒருநாள் பாதையில் விரியன் பாம்பைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டார்கள். "பாதைய வெட்டுங்க, வர்றோம்" என்று சொல்லிவிட்டார்கள். வருஷத்து வருமானம் முழுக்கச் செடியில் இருக்கிறது. அண்ணனோ எங்கள் கடையில் இருக்கிறார்.

மதினி நேராகக் கடைக்கே வந்தார். "தம்பி, ரெண்டையும் தூக்கிட்டு மலைக்கு வா. அங்க வச்சுத் தீத்துருவோம். இல்லைன்னா இந்த மனுசன் காயெல்லாம் வெடிச்ச பெறகு புல்லப் பாத்துக்கிட்டு நிப்பாரு."

முதலாளி சந்தோஷமாக அனுமதி கொடுத்தார். மறுநாள் காலை அண்ணன், மதினி, நான் மூவரும் இரண்டு மிஷின்களையும் தூக்கிக்கொண்டு, தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்பில் ஏறினோம். முந்தல் தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததுமே அண்ணன் ஜீப்பில் இருந்தவர்களிடம் கருத்துக் கேட்க ஆரம்பித்தார். அதோடு ஜீப் இரண்டு கட்சியாகப் பிரிந்தது.

"பெட்ரோலுன்னா ஊத்துனா ஓடும். மலையில கரண்டுக்கு எங்க போவீக?" என்றார் ஒருவர்.

"ஓடும். பனியில கயித்த இழுத்து இழுத்து, அது ஓடுறதுக்குள்ள நீரு ஓஞ்சிருவீரு" என்றார் இன்னொருவர்.

"கை மரத்துப் போகும்யா. எங்க மச்சான் சாயந்தரம் தம்ளரப் பிடிக்க முடியாம அலையிறாரு."

"பேட்டரின்னா பாதிப் பாதையில படுத்துக்கிரும்!"

வளைவுக்கு வளைவு சத்தம் கூடியது. டிரைவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பினார். "முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க, எடுக்குறேன்."

போடிமெட்டில் டீ குடிக்க இறங்கினோம். டீ ஆற்றிக்கொண்டிருந்த மலையாளக்காரரிடமும் அண்ணன் ஆரம்பத்திலிருந்து விளக்கினார். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏதெங்கிலும் ஒண்ணு வாங்ஙு சேட்டா" என்றார். எது வேண்டுமானாலும் வாங்கித் தொலை என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

தோட்டத்து முகப்பில் பனி விலகிக்கொண்டிருந்தது. அண்ணன் சோதனை முறைகளை அறிவித்தார். பாரம் பார்த்தாயிற்று, ஆட்டிப் பார்த்தாயிற்று. இனி சத்தம். காட்டுமாடு வந்தால், யாராவது கூப்பிட்டால், காதில் விழ வேண்டும். "நீ இங்கயே நின்னு எதையாச்சும் சொல்லு. நான் கீழ வெட்டிக்கிட்டே கேக்குதான்னு பாக்குறேன்" என்று மதினியிடம் சொல்லிவிட்டு, பெட்ரோல் மிஷினோடு சரிவில் இறங்கினார்.

கயிற்றை இழுத்தார். இருமியது. மறுபடி இழுத்தார். பிடித்துக்கொண்டது. எதிர்மலையில் போய் முட்டித் திரும்புகிற சத்தம். புல் சும்மா பறந்தது, அதில் குறை சொல்ல முடியாது.

மதினி என் பக்கத்தில் நின்று கத்தினார். "இந்தாங்க! கேக்குதா?"

அண்ணன் திரும்பவே இல்லை.

"நெசமாவே கேக்கலையா?"

இல்லை. மதினி என்னைப் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். அதற்குப் பிறகு நடந்ததை நான் மறக்கவே முடியாது.

"என் தம்பி கலியாணத்துக்குச் சட்டையெடுக்கப் போயித் தாலி கட்டுன பெறகு வந்தீகளே, அது ஞாபகம் இருக்கா? வீட்டுச் சொவத்தப் பாத்து ஊரே சிரிக்குது, தெரியுமா? ஒரு கிரைண்டர் வாங்குறதுக்குள்ள எங் கையால ஆட்டி ஆட்டி எம் மணிக்கட்டு போச்சு, தெரியுமா? உங்க அக்கா வச்ச மீன் கொழம்பு நல்லாருக்குன்னு சொன்னேனே, அது பொய்யி!"

நான் மிஷின் உறையைப் பல்லால் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன். மதினிக்கு மூச்சு வாங்கியது. கீழே அண்ணன் சமர்த்தாகப் புல் வெட்டிக்கொண்டிருந்தார். அவரையே கொஞ்ச நேரம் பார்த்தவர், அதே உரத்த குரலில் கடைசியாக ஒன்று சொன்னார்.

"தெனமும் ஒத்தையில இந்தக் காட்டுக்கு வர்றீகளே, விழுந்து கெடந்தா எனக்கு யாருய்யா வந்து சொல்லுவா? ஜீப்பு திரும்பி வர்ற வரைக்கும் நான் வாசலப் பாத்தே உக்காந்திருக்கேன். அது தெரியுமா உங்களுக்கு?"

நான் சிரிப்பை நிறுத்தியிருந்தேன். மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

மிஷின் நின்றது. அண்ணன் மேலே பார்த்து, "என்ன சொன்ன?" என்றார்.

"சும்மா கூப்புட்டேன்."

"ஒண்ணுமே கேக்கல. சரி, அடுத்ததக் கொண்டா தம்பி."

பேட்டரி மிஷினைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். பொத்தானை அழுத்தினார். ஒரு மிக்ஸி பக்கத்து வீட்டில் ஓடுவதுபோல மெல்லிய இரைச்சல். புல் விழுந்தது. பெட்ரோல் அளவுக்கு வேகமில்லை, ஆனாலும் விழுந்தது.

"இப்பச் சொல்லு!" என்றார்.

மதினி செருகியிருந்த முந்தானையை எடுத்துவிட்டார். பிறகு கத்தாமல், வீட்டில் எதிரே உட்கார்ந்து பேசுகிற குரலில் சொன்னார்.

"ஒத்தையில வராதீக. எனக்குப் பயமா இருக்கு."

இரைச்சல் நின்றது. அண்ணன் மிஷினைத் தோளிலிருந்து இறக்கி, வெட்டின புல்மேல் பதமாக வைத்துவிட்டு மேலே ஏறி வந்தார். என்னிடம் சொன்னார்.

"இதுக்குப் பில்லுப் போட்ரு தம்பி."

எனக்குக் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று சந்தேகம். மதினிக்கும்தான். "என்ன, இன்னுங் கொஞ்சம் பாக்கலையா?" என்று கேட்டார்.

"கேட்டாச்சுல்ல" என்றார் அண்ணன்.

கதை இதோடு முடிந்திருந்தால் விளம்பரத்துக்கு நன்றாக இருந்திருக்கும். அன்றைக்கே பேட்டரி மிஷின் பாதிப் பாதையில் படுத்துக்கொண்டது. ஜீப்பில் அதைச் சொன்னவர் மறுநாள் மீசையை முறுக்கிக்கொண்டு வந்தாராம். உண்ணிச்செடி அடர்ந்த கீழ்ப்பகுதியை அதனால் தொடவே முடியவில்லை. அதற்கு மட்டும் பெட்ரோல் மிஷின் வைத்திருக்கிற ஓர் ஆளைக் கூலிக்குக் கூப்பிட்டு வெட்டினார்கள். செடிகளைச் சுற்றிக் கையால்தான். காய் பிடிக்கிற சரம் தரையோடு கிடக்கும், எந்த மிஷினும் அதற்கு ஆகாது. பாதை திறந்ததும் பெண்கள் இறங்கினார்கள். ஓரத்துச் செடிகளில் கொஞ்சம் வெடித்து அணிலுக்குப் போனது. மற்றதெல்லாம் வீடு வந்து சேர்ந்தது.

அதிலிருந்து மதினியும் தினமும் மலைக்குப் போகிறார். தோட்டத்தில் கரண்ட் கிடையாது. ராத்திரி வீட்டில் சார்ஜ் ஏற்றிய இரண்டு பேட்டரிகளைத் துண்டில் சுற்றி, அண்ணன் மடியில் ஒன்று, மதினி மடியில் ஒன்று. ஜீப்பில் யாராவது கொஞ்சம் நெருக்கினால், "பாத்து உக்காருப்பா, பிள்ளை முழிச்சிக்கிரும்" என்று மதினியே சொல்கிறாராம். சரிவில் அவர் கீழே வெட்ட, இவர் மேலே காய் எடுக்க, நாளெல்லாம் ஏதாவது பேசிக்கொண்டே இருக்கிறார்களாம். மீன் குழம்பு விஷயம்கூட வெளியே வந்து, அக்கா வீட்டில் சின்னதாக ஒரு மனஸ்தாபம் நடந்து முடிந்துவிட்டது.

மிஷின் வாங்கியபின் சில சனிக்கிழமைகள் அண்ணன் கடைப்பக்கம் வரவில்லை. முதலாளி நிம்மதியாகக் காற்றாடியைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எனக்குத்தான் வியாபாரம் சப்பென்று இருந்தது. வந்தவர்கள் விலை கேட்டார்கள், வாங்கினார்கள், போனார்கள். ஒரு மனிதன்கூட எதையும் ஆட்டிப் பார்க்கவில்லை.

போன வாரம் இருவரும் சேர்ந்தே படியேறினார்கள். மருந்தடிக்கிற தெளிப்பான் வேண்டுமாம். அதிலும் கையால் அடிப்பது, பேட்டரியில் ஓடுவது என்று இரண்டு விதம். அண்ணன் மோவாயைத் தடவ ஆரம்பித்ததுமே முதலாளி கல்லாவிலிருந்து எனக்குக் கண்ணைக் காட்டினார், வெரசாக முடித்து அனுப்பு என்று.

"சீசன் தொடங்க இன்னும் நாள் இருக்குண்ணே, நிதானமாப் பாருங்க" என்று சொல்லி, மதினிக்கும் சேர்த்து இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டேன்.