கஞ்சி போட்ட கொலர்

அறிவைக் காட்ட வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால் மனிதன் ஒரு சட்டையைக்கூட நிம்மதியாகப் போடமாட்டான். என் விஷயத்தில் அந்த ஆசை கழுத்தில் ஏறியது.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒஸ்லோவில் ஒரு சலவைக் கடையில் வேலை செய்தேன். நாடகக் குழுக்களின் பழைய பாணி உடுப்புகளும் அங்கே வரும். ஐரோப்பியக் கனவான்கள் கொலரை மட்டும் தனியாகக் கழற்றித் தோய்த்ததும், அதற்கும் முந்தைய காலத்தில் கழுத்துத் துணிக்கு முடிச்சுப் போடவே காலைப் பொழுதைக் கழித்ததும் எனக்கு அத்துப்படி. (கேட்கத்தான் ஆள் இல்லை.)

அந்த மாரிக் குளிரில், நகரின் ஓரத்தில் உள்ள ரொம்சோஸில் சுகந்தியைப் பெண் பார்க்கப் போனேன். எனக்கு முப்பத்துநாலு வயது. ஏற்கெனவே மூன்று வீடுகளில் ‘யோசிச்சுச் சொல்லுறம்’ என்று சொல்லி, இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். இதையாவது தவறவிடக் கூடாது என்று, அம்மருட் பழைய சாமான் சந்தையில் வாங்கிய உயரமான தனிக் கொலரை எடுத்தேன். சோறு வடித்த கஞ்சியில் மூன்று தரம் தோய்த்து ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்தினேன். பலகை தோற்றது.

“தம்பி, சப்பாத்தைக் கழட்டிப் போட்டு வாங்கோ” என்றார் சுகந்தியின் அப்பா.

குனிந்தேன். கொலர் தொண்டையில் ஏற, தாடை மேலே வீட்டு முகட்டைப் பார்த்தது.

“ஏன், நிலத்தைப் பாக்கமாட்டீங்களோ?”

“இது அந்தக் காலத்துக் கனவான்கள் போட்ட கொலர், அங்கிள்.”

“அவைக்குச் சப்பாத்துக் கழட்ட வேலைக்காரர் இருந்தவை” என்றவர், தானே முழந்தாளிட்டு என் சப்பாத்து நாடாவை அவிழ்த்தார். கலியாணத்தன்றுதான் பெண் வீட்டார் மாப்பிள்ளையின் காலைத் தொடுவது வழக்கம். எனக்குத் தேத்தண்ணீருக்கு முன்பே நடந்தது. வெட்கத்தில் செத்துப்போனேன்.

உள்ளே ஹீட்டர் சூடு. வியர்வையில் கஞ்சி இளகி, கறுப்புக் கோட்டில் வெள்ளையாய் வழிந்தது. கொலரோ கழுத்தோடு ஒட்டிவிட்டது. தாதியாக வேலை செய்யும் சுகந்தி கத்தரிக்கோலுடன் வந்தாள்.

“அசையாதேங்கோ.”

வெட்டினாள். மூச்சு வந்ததும், “நீங்களும் யோசிச்சுத்தானே சொல்லுவீங்கள்?” என்றேன்.

“என்னத்தை யோசிக்கிறது? இதைவிட மோசமாய் ஒரு நாளும் வரமாட்டீங்கள்தானே? எனக்கு ஓம்.”

இப்போது மாமாவுக்கு முதுகு வளையாது. எங்கள் வீட்டுக்கு வந்தால் அவருடைய சப்பாத்தை நான்தான் கழற்றுகிறேன். கதிரையில் சாய்ந்தபடி, பேரப்பிள்ளைகள் கேட்கும்படியாகச் சொல்லுவார்:

“நல்லாக் குனியிறீர், தம்பி. இண்டைக்குச் சோறு வடிக்கேல்லையோ?”