கண்டிஷன் அண்ணன் விற்ற கார்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே நாற்பது கிலோமீட்டர்தான். அந்த நாற்பது கிலோமீட்டருக்குள் 'முடியாது' என்று ஒரு தடவைகூடச் சொல்லாமல் ஒரு மனிதனை ஏழு மாதம் அலைய வைக்கக்கூடியவர் ஒருவர்தான் உண்டு. அவர் பெயர் கண்டிஷன். அம்மா அப்பா வைத்த பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. விற்பனைக் காகிதத்தில் அவர் போட்ட கையெழுத்து, மண்புழு ஒன்று மையில் விழுந்து எழுந்து போனது போல இருக்கும்.

திண்டிவனம் பைபாஸ் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதன் கீழே பதினோரு பழைய கார்கள், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். அதுதான் அவருடைய கடை. எதைக் காட்டினாலும் "கண்டிஷன் சார்" என்பார். கார் கண்டிஷன். எதிர்க்கடை டீ கண்டிஷன். தன் மகளுக்குப் பார்த்த வரனைப் பற்றிக்கூட என்னிடம், "பையன் கண்டிஷன் சார், ஒரு கெட்ட பழக்கம் கெடையாது, இஞ்சின்ல யாரும் கை வைக்கல" என்றார்.

எனக்குக் கார் வாங்கும் ஆசையே இருந்ததில்லை. நான் விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தர். சைக்கிளே போதும். ஆனால் முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டிய என் அப்பா, ஒரு நாள் காலையில் பல் விளக்கும்போது அப்படியே சரிந்து விழுந்தார். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்ப் பயிற்சி கொடுத்தால் தேறலாம் என்றார் டாக்டர். மடங்காத அந்தக் காலோடு அப்பாவை ஆட்டோவில் ஏற்றி இறக்குவதற்குள் அவரும் அழுவார், நானும் அழுவேன். சேர்த்து வைத்திருந்ததைத் துடைத்து எடுத்துக்கொண்டு திண்டிவனத்துக்குப் போனேன்.

கண்டிஷன் ஒரு சாம்பல் நிறக் காரைத் தட்டிக் காட்டினார். "ஒரு டாக்டரு ஓட்டுன வண்டி சார். அதுவும் லேடி டாக்டரு. ஆஸ்பத்திரி, வூடு, ஆஸ்பத்திரி, வூடு. அவ்ளோதான்."

வாங்கிவிட்டேன்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் அது முதல் முறையாக நின்றது. முன்னாலிருந்து புகை வந்தது. பின்னால் இருபது லாரிகள் என் பரம்பரையையே விசாரித்தன. தள்ளி ஓரம் கட்டி, தண்ணீர் ஊற்றி, ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தேன். வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா, வண்டிச் சத்தம் கேட்டதும் இடது கையைத் தூக்கி வேகமாக ஆட்டினார். தொண்டையிலிருந்து ஏதோ ஒலி எழுப்பினார். கார் வந்த சந்தோஷம் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. 'வேண்டாம், திருப்பிக் கொடு' என்று அவர் சொல்லியிருக்கிறார் என்பது புரியப் பத்து நாள் ஆயிற்று.

அந்தப் பத்து நாளில் கார் ஆறு தடவை நின்றது. ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடித்தது. ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசலில் பின்கதவு திறக்கவே இல்லை. அப்பாவை முன் சீட்டு வழியாக மூன்று பேர் சேர்ந்து மூட்டை போல இழுத்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஏமாற்றியவன் போனை எடுக்கமாட்டான் என்பதுதானே உலக வழக்கம்? கண்டிஷன் முதல் மணியிலேயே எடுப்பார்.

"சொல்லுங்க சார். ஐயா எப்படிக்கீறாரு? கால அசைக்கிறாரா? கேப்பைக் கூழு குடுங்க சார், தெம்பா இருக்கும்."

நான் அப்பாவைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் என் கோபத்தின் பெட்ரோல் தீர்ந்துவிடும். காரைப் பற்றிக் கேட்டால், "வாங்க சார், பேசிக்கலாம்" என்பார். நேரில் போனால் டீ. அடுத்த தடவை போனால் அவித்த மல்லாட்டை, வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர். ஒரு தடவை, "ரெண்டே நிமிஷம் உக்காருங்க சார், ஜல்தியா வந்துர்றேன்" என்று என்னைத் தன் நாற்காலியில் உட்கார்த்தி வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு புருஷனும் மனைவியும் கார் பார்க்க வந்தார்கள். என்னை முதலாளி என்றே நினைத்தார்கள். நான் என் கதையை முதலிலிருந்து சொன்னேன். பாதியிலேயே அந்தம்மா புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

திரும்பி வந்த கண்டிஷன் கோபப்படவே இல்லை. நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். "இன்னிக்கி அவங்க ஒரு வண்டி எடுத்துருந்தா, அந்தப் பணத்துல உங்க கணக்க முடிச்சி அனுப்பிடலாம்னு இருந்தேன் சார்."

அது பொய்யாகத்தான் இருக்கும். ஆனாலும் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

கடைசியில், ஏழாவது மாதம், எனக்கு வெறி பிடித்துவிட்டது. விழுப்புரம் பக்கத்தில் திருவாமாத்தூர் கோயிலில் வட்டப்பாறை ஒன்று உண்டு. அதில் கை வைத்துப் பொய்ச் சத்தியம் செய்தவன் தப்ப மாட்டான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. "வண்டிய நல்ல வண்டின்னு நம்பித்தான் வித்தேன்னு அங்க வந்து சத்தியம் பண்ணுங்கண்ணே. அதுக்கப்புறம் ஒரு வார்த்த கேக்க மாட்டேன்" என்று போனில் கத்தினேன்.

"ஞாயித்துக்கெழம வெச்சிக்கலாமா சார்?" என்றார்.

வந்தார். பதினோரு கார் வைத்திருப்பவர் பஸ்ஸில் வந்தார். நெற்றி நிறைய விபூதி, கையில் தேங்காய் பழம். பாறைக்கு முன்னால் போய் நின்றவர் கையை நீட்டவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வண்டி சரியில்ல சார்" என்றார் மெதுவாக. "வெள்ளத்துல மூணு நாள் முழுவிக் கெடந்த வண்டி. எனக்குத் தெரியும்."

"லேடி டாக்டரு?"

"டாக்டரு நெசம் சார். மாட்டு டாக்டரு. ஆம்பள."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அப்ப வண்டிய எடுத்துக்கோங்க. என்னால முடியலண்ணே."

"எடுத்துக்க மாட்டேன் சார்." முதன்முறையாக நேராகச் சொன்னார். "எடுத்துக்கினு போனா கழுவி பாலிஷ் போட்டு நிக்க வெப்பேன். ஒரு மாசத்துல உங்கள மாதிரியே ஒருத்தரு வருவாரு. அவரு வூட்லயும் ஒரு ஐயா படுத்துக்கினு இருப்பாரு. என் வாயி சும்மா இருக்காது சார். பேஜாரு புடிச்ச வாயி."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். போனது போனதுதான். பணமும் இல்லை, வண்டியும் இல்லை, அப்பாவின் காலும் இல்லை. கண்டிஷன் பக்கத்தில் வந்து குந்தினார். பிறகு கேட்டார்: "ஐயாவுக்கு எந்தெந்த நாளு சார் ஆஸ்பத்திரி?"

திங்கள், புதன், வெள்ளி. மறுநாளே வாசலில் வந்து நின்றார். கொட்டகையில் விற்பனைக்கு நின்ற ஒரு காரை ஓட்டி வந்திருந்தார். எனக்கு லீவெல்லாம் தீர்ந்திருந்தது. அப்பாவை அவரே இரண்டு கையில் தூக்கி உட்கார வைத்து, கூட்டிப் போய்ப் பயிற்சி முடியும்வரை காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு கார். ஒவ்வொன்றிலும் வேறு வேறு கோளாறு. அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து, சத்தம் சரியில்லாத இடத்தை இடது கையால் தட்டிக் காட்டுவாராம். கண்டிஷன் வழியெல்லாம் அவரிடம் பேசிக்கொண்டே போவாராம். பதில் வராத ஆளிடம் பேசுவதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

அவர் அப்படி வர ஆரம்பித்த மூன்றாம் மாதம், ஒரு புதன்கிழமை, நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது போன் வந்தது. கண்டிஷன் தேம்பிக்கொண்டிருந்தார்.

"சார், ஐயா பேசிட்டாரு! சிக்னல்கிட்ட வந்துக்கினே இருக்கோம். திடீர்னு 'பிரேக்கு!'ன்னு ஒரு சத்தம் போட்டாரு பாருங்க. அட்சரம் பெசகாம சார்!"

"பிரேக் புடிச்சிச்சா?"

"அத அப்புறம் சொல்றேன் சார். மொதல்ல ஐயாகிட்ட பேசுங்க."

அதற்குப் பிறகு அப்பாவுக்கு மொத்தம் எட்டு வார்த்தைகள் வந்தன. அதில் ஐந்து வண்டி பாகங்கள். ஒன்று என் பெயர். ஒன்று தண்ணி. இன்னொன்று கண்டிஷனைத் திட்டுவது, அதை இங்கே அச்சிட முடியாது. அதைக் கேட்கும்போதெல்லாம் கண்டிஷன் பூரித்துப் போவார்.

நடை மட்டும் வரவே இல்லை. கார்த்திகை மழையில் பக்கவாதம் இரண்டாவது தடவை வந்தது. அப்பா கண் விழிக்காமலேயே போய்விட்டார்.

கண்டிஷன் செய்தி கேட்டு முதல் பஸ்ஸில் வந்தார். அன்று முழுக்க வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். எல்லாரும் போன பிறகு, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் தயங்கி நின்றார்.

"சார், இனிமே நான் என்னா சாக்கு சொல்லிக்கினு வர்றது?"

"சும்மா வாங்கண்ணே" என்றேன்.

வருகிறார்.