பனியில் கால் தெரியாதவள்

பேயைப் பார்த்து ஓடியவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பேயே தான்தான் என்று தெரியாமல், பேய்க்குப் பயந்து ஓடிய ஒரே ஆள் மலேசியாவின் கேமரன் மலையில் நானாகத்தான் இருப்பேன்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு ஐம்பதை நெருங்கும் வயது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். மாதவிலக்கு தாறுமாறாகி, பிறகு நின்றே போயிருந்தது. (இதையெல்லாம் யாரிடம் சொல்வது? என் புருஷன் வீரையா, முட்டி வலிக்கிறது என்றாலே காது கேட்காதவர்.) திடீரென்று நெஞ்சுக்குழியில் ஒரு சூடு கிளம்பும். கழுத்தில் ஏறும். மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஊரே போர்வைக்குள் நடுங்குகிற குளிரில் எனக்கு மட்டும் சேலை நனைந்துவிடும். அதனால் விடியற்காலையில் தலைமுடியை விரித்துவிட்டு, தேயிலைச் செடிகளுக்கு நடுவே பனியில் போய் நிற்பேன். அப்பாடா என்றிருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பியது. பள்ளத்துப் பக்கம் ஒருத்தி நிற்கிறாளாம். விரித்த தலையாம். தலையிலிருந்து புகை வருகிறதாம். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லையாம். கேட்டதும் எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. நானும் தினம் அங்கேதானே நிற்கிறேன், பின்னாலிருந்து அவள் தொட்டுவிட்டால்? (புத்தி என்று ஒன்று இருந்தால்தானே!) பயம் ஒரு பக்கம், சூடு ஒரு பக்கம். சூடுதான் ஜெயித்தது.

ஒரு நாள் பனி கெட்டியாக இறங்கியிருந்தது. ஒரு குருவிகூடக் கத்தவில்லை. வேலைக்கு வந்த பெண்கள் மேட்டிலிருந்து என் பக்கம் கையை நீட்டி, "அதோ! அதோ நிக்கிறா!" என்று அலறினார்கள். திரும்பிப் பார்த்தேன். வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. "ஐயோ, என்னையும் கூட்டிக்கிட்டுப் போங்கடி!" என்று கத்திக்கொண்டு அவர்கள் பின்னாலேயே ஓடினேன். நான் துரத்தத் துரத்த அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள். லயத்து வாசலில் மூச்சு வாங்க நின்று என் முகத்தைப் பார்த்த பிறகுதான் எல்லோருக்கும் விளங்கியது, பள்ளத்தில் நின்றது நான் என்று. அதோடு விட்டார்களா? அவள் என் மேல் ஏறிவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

வீரையாவுக்கு வேறு கவலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மகள் கோமதியைப் பெண் பார்க்க கம்போங் ராஜாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். "பேய் புடிச்சவ வீட்டுல எவன் பொண்ணு எடுப்பான்? அவங்க வர்றதுக்குள்ள ஓட்டிரணும்லா," என்றார். எனக்கு அழுகையாக வந்தது. உள்ளே இருப்பது நான்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டிருந்தது. கோமதிக்காக ஒத்துக்கொண்டேன்.

ஞாயிறு மத்தியானம் பிரிஞ்சாங்கிலிருந்து பூசாரி உடுக்கையோடு வந்தார். கோயிலுக்குப் பின்னால் இருந்த மரத்தோடு என் உச்சிமுடியைக் கொத்தாகச் சேர்த்துப் பிடித்தார். அதில் ஆணி அடித்து முடியை அறுத்துவிட்டால் பேய் மரத்திலேயே தங்கிவிடும். பனி மறுபடி இறங்கியது. உடுக்கைச் சத்தம் மரத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்டது.

"யாரு நீ? பேரச் சொல்லு!"

"செல்லம்மா."

"எந்த ஊரு?"

"இதே லயந்தாங்க."

"எப்படிச் செத்த?"

"இன்னும் சாகலீங்க சாமி."

"திமிரப் பாரு!" பூசாரி சுத்தியலை ஓங்கினார். "இவ மேல எப்படி ஏறுன, அதச் சொல்லு!"

அந்த நேரம் பார்த்துச் சூடு கிளம்பியது. "நெஞ்சுல ஏறுது சாமி. கழுத்துக்கு வருது. மண்ட கொதிக்குது. வேர்த்து ஊத்துது, அப்புறம் குளிருது. சும்மா சும்மா அழுகை வருது. புருஷன் மூஞ்சியப் பாத்தா அடிக்கணும்போல இருக்கு!" வேர்த்த தலையிலிருந்து ஆவி எழும்பியது. கூட்டம் பின்வாங்கியது.

பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "எனக்கும் அப்படித்தான்!"

இன்னொரு பக்கத்திலிருந்து, "எனக்குந்தான்." அதற்கும் பின்னால் மெதுவாக, "எனக்கும்."

பூசாரியின் சுத்தியல் நழுவி அவர் காலிலேயே விழுந்தது. முதலில் பேசியவர் பட்டுச்சேலையோடு, முகமெல்லாம் வேர்வையாக, பனியிலிருந்து வெளியே வந்தார். மாப்பிள்ளையின் அம்மா! பனியில் பாதை தெரியாதே என்று சீக்கிரமே கிளம்பி வந்துவிட்டார்களாம். வீரையா தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். போச்சு, என் பிள்ளையின் வாழ்க்கையே போச்சு என்று நினைத்தேன்.

அந்த அம்மா என் முடியைப் பூசாரியின் கையிலிருந்து பிடுங்கினார். "எனக்குப் பைத்தியம் புடிக்குதுன்னு நெனச்சு யார்கிட்டயும் வாயத் தொறக்கல சம்பந்தி. ஈப்போவுல ஒரு லேடி டாக்டர் இருக்காங்க. ரெண்டு பேரும் போலாம்லா."

'சம்பந்தி' காதில் விழுந்தும் நம்ப முடியவில்லை. "பொண்ணப் பாக்கணுமே?" என்றேன்.

"பொண்ணு எங்க ஓடிறப் போகுது? புடிச்சிருக்கு."

ஈப்போ டாக்டரம்மா சிரிக்கவில்லை. மாதவிலக்கு நிற்கும்போது உடம்பில் சுரக்கிற ஹார்மோன் குறைந்துவிடும், அதை மாத்திரையாகக் கொடுக்கலாம் என்றார். எங்களைச் சோதித்துவிட்டு எழுதிக் கொடுத்தார். விடாமல் வந்து காட்டவும் சொன்னார். கொஞ்ச நாளில் சூடு அடங்கியது. கோமதி கல்யாணமும் நடந்தது. 'பேய் பேசி முடிச்ச சம்பந்தம்' என்று வீட்டில் இன்றும் கேலி செய்கிறார்கள்.

ஒன்றுதான் உறுத்துகிறது. நாங்கள் ஈப்போவுக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த அந்த விடியற்காலையிலும் பள்ளத்தில் அவள் நின்றாளாம். தோட்டத்துப் பெண்கள் அத்தனை பேரையும் கேட்டுப் பார்த்துவிட்டேன். 'நான்தான்' என்று ஒருத்தியும் சொல்லவில்லை.

போன மாதம் கோமதி போன் செய்தாள். அவளுக்கும் இப்போது அந்த வயது.

"அம்மா, எனக்கும் ஆரம்பிச்சிருச்சும்மா. இப்பக்கூட வெளிய பனியிலதான் நிக்கிறேன். சொகமா இருக்கு."

"நாளைக்கே டாக்டரப் போய்ப் பாருடி," என்றேன். "இப்ப கொஞ்சம் குனிஞ்சு பாரு. கால் தெரியுதா?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் பதிலுக்காகப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தேன்.