நூறுக்கு அங்கால

வந்திருந்தவர்கள்: படகுச் சங்கத்தின் செயலாளர் தம்பையா. இயந்திரப் படகு வைத்திருக்கும் முஹம்மது தம்பி. கருவாடு போடும் பெண்கள் குழுவின் தலைவி இரத்தினேஸ்வரி. தேத்தண்ணி போட வந்த கமலேஸ்வரி. சங்கத்தில் உறுப்பினரே இல்லாத, மடிக்கணினியோடு வந்த கோகுலன்.

வராதவர்கள்: மற்ற எல்லோரும்.

வராததற்குக் காரணம் இருந்தது. அன்றைக்குப் புதிய செயலாளரைத் தெரிவுசெய்ய வேண்டும். மற்றச் சங்கங்களில் அந்தக் கதிரைக்கு அடிபடுவார்கள். இங்கே அதைக் கண்டால் ஓடுவார்கள். டீசல் மானியத்துக்கு அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்க வேண்டும். இரண்டு பேரின் வலை சிக்கினால் இரண்டு பேரிடமும் ஏச்சு வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக மண்டபத்துக் கதவைப் பூட்ட வேண்டும். உப்புக்காற்றில் இறுகிப்போன அந்தப் பூட்டுக்கு இரண்டு கையும் ஒரு முழங்காலும் தேவை.

அதனால் எப்போதோ ஒரு வழக்கம் வந்துவிட்டது. நிர்வாகத்தில் மூன்று பேர் இருந்து பாம்பும் ஏணியும் விளையாடுவார்கள். முதலில் நூறுக்குப் போகிறவர் வென்றவர். வென்றவருக்குச் செயலாளர் கதிரையும் அந்தப் பூட்டின் திறப்பும். மறுத்தால் அந்த வீட்டு வள்ளத்துக்கு இறங்குதுறையில் இடமில்லை. முன்னொரு காலத்தில் ஒருவர் மறுத்தார். அவருடைய வள்ளம் இன்றைக்கும் சாம்பல்தீவு மணலில் கிடக்கிறது. உள்ளே ஆடுகள் படுக்கின்றன.

நாலு வருடமாகத் திறப்பு தம்பையாவின் இடுப்பை விட்டு இறங்கவில்லை.

இந்த முறை பழைய ஆட்டப் பலகை மழையில் ஊறிப்போய்விட்டதாம். போன கிழமை தம்பையா ஐஸ் தொழிற்சாலை வாசலில் வந்து நின்றார். இரவு வேலை முடிந்து, கண்ணெல்லாம் சிவந்து, கோகுலன் வெளியே வந்தான்.

"தம்பி, நீ கொம்பியூட்டர் படிச்சனிதானே. பலகையை அதில செய்து தாவன்."

கோகுலன் படித்தது உண்மை. முடிக்காததும் உண்மை. பல்கலைக்கழகத்தை இடையில் விட்டுவிட்டு ஐஸ் கட்டி தள்ளுகிறவனுக்குக் கொழும்பிலிருந்து ஒரு கொம்பனி பதில் போட்டிருந்தது: சான்றிதழ் வேண்டாம், நீ செய்த ஒன்றை உண்மையான ஆட்கள் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பாவிக்கிற வீடியோ வேண்டும், திங்கட்கிழமைக்குள் அனுப்பு.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஒரே ஓர் ஆட்டம் ஒழுங்காக முடிந்தால் போதும்.

அவன் கைபேசியைச் சீனிப் பேணியில் சாய்த்து வைத்துப் பதிவைத் தொடக்கினான். கொம்பனிக்காரர்கள் பார்ப்பார்கள் என்று குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கிக்கொண்டான்.

"கணினி ஒருத்தற்ற பக்கமும் சாயாது. அது ஆற்ற பேரைச் சொல்லுதோ அவர்தான் செயலாளர். பிறகு ஒருத்தரும் மாத்திக் கதைக்கக்கூடாது. சரிதானே?"

"சரி," என்றார்கள் மூவரும் ஒரே குரலில்.

அந்த மூவரும் எதையாவது ஒரே குரலில் சொல்லி கோகுலன் கேட்டதில்லை. நல்ல சகுனம் என்று நினைத்தான்.

முதல் ஆட்டத்தில் தம்பையாவின் காய்தான் முன்னுக்கு ஓடியது. ஏணிக்கு மேல் ஏணி. தொண்ணூற்றெட்டில் வந்து நின்றபோது அவருக்கு வியர்த்தது. அடுத்த தரம் பொத்தானை அமத்தினார். ஐந்து விழுந்தது. திரை கறுத்தது. சிவப்பு எழுத்துகள் வந்தன.

"என்னவாம்?"

"இல்லாத கட்டத்தைத் தேடுது, மாமா. உள்ளுக்குப் பெட்டி நூறுதான் வைச்சனான். அது நூற்றிமூண்டாவதைத் திறக்கப் போய் விழுந்திட்டுது."

"அப்ப நான் வெல்லேல்ல?" தம்பையாவின் முகம் மலர்ந்தது.

வீட்டில் தனியே சோதித்தபோது ஒவ்வொரு தரமும் காய் சரியாக நூறில் வந்து நின்றது. அதனால் தாண்டினால் என்ன செய்வதென்று கோகுலன் யோசிக்கவில்லை.

"நூறைத் தாண்டினா உங்கட வழக்கம் என்ன?" என்று கேட்டான்.

கேட்டிருக்கக் கூடாது.

"சரியா நூறு விழவேணும். இல்லாட்டி நிண்ட இடத்தில நிக்கிறது," என்றார் தம்பையா.

"எந்த ஊர் வழக்கம் அது?" என்றார் முஹம்மது தம்பி. "கூடினத்துக்குப் பின்னுக்கு வரணும். கிண்ணியாவில போய்க் கேளுங்க."

"ரெண்டும் பிழை. தாண்டினா வெற்றிதான்," என்றாள் இரத்தினேஸ்வரி. "அண்ணை வெண்டிட்டார். திறப்பு அவரிட்டயே இருக்கட்டும். நான் போய்க் கருவாட்டைப் பிரட்டவேணும்."

"இரடி பிள்ளை, எங்க ஓடுறாய்?" என்றார் தம்பையா.

கோகுலன் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினான். விதியைப் பிறகு பார்க்கலாம், இப்போதைக்கு விழாமல் இருந்தால் போதும் என்று பத்துப் பெட்டிகளைக் கூடப் போட்டான்.

இரண்டாம் ஆட்டத்தில் முஹம்மது தம்பியின் பச்சைக் காய் நூறைத் தாண்டியது. திரை கறுக்கவில்லை. காய் பலகையை விட்டு இறங்கி, அழகுக்காக அவன் பக்கத்தில் போட்டிருந்த துறைமுகப் படத்துக்குள் நடந்தது.

"மகன், என்ட காய் எங்க போகுது?"

"கடலுக்குள்ள, நானா." முஹம்மது தம்பி ஊரில் எல்லோருக்கும் நானாதான்.

"சீனன்குடா எண்ணெய்த் தாங்கிப் பக்கம் திரும்புது பாரும்," என்றார் தம்பையா. "பெற்றோல் அடிக்கப் போறீரோ?"

நூறில் நிற்கிறதா என்றுதான் நிரல் பார்த்தது. நூற்றிரண்டில் நிற்பவரை அதற்குத் தெரியாது. காய் மேலும் மேலும் ஆழத்துக்குப் போய், பத்து மேலதிகப் பெட்டிகளும் முடிந்த இடத்தில் பழையபடி விழுந்தது.

"நானா நூறைத் தாண்டினவர். அவர்தான் வெண்டவர்," என்றாள் இரத்தினேஸ்வரி.

"கடலுக்குள்ள போனவன் எப்படிப் புள்ள வெல்லுற? சரியா நூறில நிக்கணும். தம்பையா சொன்னதுதான் சரி."

"நீங்கள் கிண்ணியா வழக்கம் எண்டு..." என்று இழுத்தாள் அவள்.

"கிண்ணியாவில ரெண்டு வழக்கம் இரிக்கி."

கோகுலன் மேலதிகப் பெட்டிகளை அழித்தான். கூடினதுக்குப் பின்னுக்கு வருகிற மாதிரி எழுதினான். இரத்தினேஸ்வரி அவன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"பழைய பலகையில ஏழில ஒரு பாம்பு இருந்தது. அது இல்லாட்டி இது செல்லாது."

"எத்தனை கட்டம் இறக்கும், மாமி?"

"ஒரு ஒன்பது போடன்."

ஏழிலிருந்து ஒன்பது எப்படி இறங்குவது என்று, இரவு வேலைக்குப் போகாமல் நித்திரை கொண்ட ஒருவன் கேட்டிருப்பான். கோகுலன் போட்டான்.

மூன்றாம் ஆட்டத்தில் இரத்தினேஸ்வரி தொண்ணூற்றொன்பதில் நின்றாள். ஐந்து விழுந்தது. காய் நூறில் முட்டி நாலு கட்டம் பின்னுக்கு வந்து, தொண்ணூற்றாறில் இருந்த பெரிய பாம்பின் வாயில் விழுந்து, வழுக்கிக்கொண்டு ஏழுக்கு வந்தது. ஏழில் அவள் கேட்டு வாங்கிய பாம்பு காத்திருந்தது. அது கடித்தது. காய் ஒன்றுக்கும் கீழே, பூச்சியத்துக்கும் கீழே போனது. அந்தக் கணினி மொழிக்கு அது பிழையில்லை. முன்னால் பெட்டி இல்லையென்றால் கடைசியிலிருந்து எண்ணும். சிவப்புக் காய் கண் மூடித் திறக்கிறதுக்குள் பழையபடி தொண்ணூற்றொன்பதில் நின்றது.

"பாம்பு கடிச்சா மேலயா போறது?" என்றார் தம்பையா.

"கடிச்சு மௌத்தானா மேலதானே போகணும்," என்றார் முஹம்மது தம்பி.

இரத்தினேஸ்வரி எழும்பிவிட்டாள். "இது செல்லாது! சரியா நூறு விழவேணும், பாம்பு கீழதான் இறக்கவேணும், முதல்ல இருந்து தொடங்கவேணும்!"

"மாமி, நீங்கள்தானே தாண்டினா வெற்றி எண்டனீங்கள்?"

"அது அண்ணைக்கு!"

ஆளுக்கொரு விதி என்றுதான் கோகுலன் அதுவரை நினைத்திருந்தான். ஆளுக்கொரு விதி இல்லை, காய் நிற்கிற இடத்துக்கொரு விதி. இதை எந்த மொழியில் எழுதுவதென்று அவனுக்கு விளங்கவில்லை. கொம்பனிக்கு அனுப்ப இருந்தது மூன்று விபத்துகளின் வீடியோதான்.

கமலேஸ்வரி தேத்தண்ணியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அவனைப் பார்த்தாள். எதையோ சொல்ல வந்து, தம்பையாவைப் பார்த்துவிட்டு, குசினிக்குத் திரும்பினாள்.

அவன் ஒரே மிடறில் குடித்தான். இரண்டே வரி எழுதினான். முதலே எழுதியிருக்க வேண்டிய வரிகள்.

"இனி விதி என்னுடையது. நூறைத் தாண்டினா நூறு. ஒண்டுக்குக் கீழ போனா ஒண்டு. ஆருக்கும் மறுப்பு இருக்கோ?"

ஒருவருக்கும் இல்லை. தம்பையா மட்டும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுத் திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

"இதென்ன, 'ஆட்டக்காரர் 0: தம்பையா'?"

"கணினி பூச்சியத்தில இருந்துதான் எண்ணும், மாமா."

"நாலு வருசம் செயலாளரா இருந்தவன் பூச்சியமோ?"

"அது வெறும் இலக்கம்..."

"அப்ப நானாவைப் பூச்சியமாக்கு!"

"என்ன ஏன் ஆக்கணும்?"

விவாதிக்கத் தெம்பில்லை. ஆட்டக்காரரின் முறை வரிசையை ஒன்றிலிருந்து எண்ணும்படி மாற்றினான். தொடக்கினான். ஒன்று, இரண்டு, அடுத்து மூன்று என்றதும் திரை கறுத்தது. மூன்று பெயரும் பூச்சியம், ஒன்று, இரண்டு என்ற பெட்டிகளில் கிடந்தன. மூன்றாம் இலக்கப் பெட்டி இல்லவே இல்லை.

கோகுலன் தலையை மேசையில் வைத்தான். கைபேசியில் மின்சாரம் வேறு குறைந்துகொண்டு வந்தது.

"என்னடா தம்பி, இல்லாத பெட்டியோ?" இரத்தினேஸ்வரியின் குரல் திடீரென்று பஞ்சாகிவிட்டது. "அதுக்குள்ள ஒரு பேரைப் போட்டுவிடன். பெட்டி இருக்கும்தானே."

"ஆற்ற பேரை?"

"ஆற்றயோ. உன்ர பேரையே போடன். சும்மா நிரப்புறதுக்குத்தானே."

"நல்ல பேரு," என்றார் முஹம்மது தம்பி.

போட்டான். விழவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று சுற்றி மறுபடி ஒன்றுக்கு வந்தது. அவன் கைபேசியைத் தூக்கினான். கொம்பனிக்கு ஆட்களின் முகமும் கையும் வேண்டும். திரைக்குப் பின்னால் போய் நின்று பிடித்தான்.

நாலாம் ஆட்டம் மாதிரி ஓர் ஆட்டத்தை அந்த மண்டபம் கண்டிருக்காது. முஹம்மது தம்பி அமத்தினார், இரத்தினேஸ்வரி அமத்தினாள், தம்பையா அமத்தினார். முறைக்கு உரிய ஆளின் பெயர் திரையின் மூலையில் சின்ன எழுத்தில் வரும். அதை வாசிக்கத் தம்பையா கண்ணாடியைப் போட்டார். வாசித்தார். கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். சண்டை இல்லை, வழக்கம் இல்லை, கிண்ணியா இல்லை. பூசைக்கு நிற்கிறவர்கள் மாதிரி மூன்று முகமும் அமைதியாக இருந்தன. கடைசியில் தன் நிரலை நம்புகிறார்கள் என்று கோகுலன் நினைத்தான்.

"தொண்ணூற்றெட்டு," என்றார் முஹம்மது தம்பி மெதுவாக.

தம்பையா அமத்தினார்.

"ஐஞ்சு."

கோகுலன் மூன்று முகத்தையும் படத்துக்குள் எடுத்தான். திரை கறுக்கவில்லை. அவன் எழுதிவைத்திருந்த வெற்றி மேளம் அன்றைக்கு முதல்தரமாகக் கேட்டது. அவன் சுற்றி வந்து கைபேசியைத் திரைக்கு நேரே பிடித்தான். மஞ்சள் காய் நூறில் நின்றது. மேலே பெரிய எழுத்தில்:

வெற்றி: கோகுலன்.

"இது பிழை," என்றான். பிறகு அவனுக்கு விளங்கியது. பூச்சியத்தில் கிடந்த தம்பையாவைக் கணினி ஒருதரமும் கூப்பிடவில்லை. சும்மா நிரப்பிய பெட்டி என்று அதற்குத் தெரியாது. மூன்றாவதாக இவனைத்தான் கூப்பிட்டது. மூன்று பேர் மூன்று முறை அமத்தினதால் கணக்குச் சரியாகவே கேட்டது. "மாமா, நீங்கள் அமத்தினது என்ர காய்!"

"அப்பிடியே? எனக்கென்ன தெரியும் தம்பி. மஞ்சள் வடிவா இருந்தது, அமத்தினனான்."

"திரும்ப விளையாடுவம்."

"கணினி ஆற்ற பேரைச் சொல்லுதோ அவர்தான் எண்டு ஆர் சொன்னது?" என்று இரத்தினேஸ்வரி கைபேசியைக் காட்டினாள். "அதுக்குள்ளயே இருக்கும், பார்."

"நான் உறுப்பினரே இல்லை!"

"வாப்பா உறுப்பினர்தானே," என்றார் முஹம்மது தம்பி. "அவர்ர வள்ளம் எங்க கட்டி இரிக்கி?"

யன்னலுக்கு வெளியே, இறங்குதுறையில், அப்பாவின் நீல வள்ளம் இரண்டு படகுகளுக்கு நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. சாம்பல்தீவு ஆடுகள் கோகுலனின் நினைவுக்கு வந்தன.

"எனக்குக் கொழும்பில வேலை கிடைச்சா?"

"கொம்பியூட்டர் வேலை வீட்டில இருந்தும் செய்யலாமெண்டு நீதானே சொன்னனி," என்றார் தம்பையா. இடுப்பிலிருந்து திறப்பை அவிழ்த்து அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களையும் தானே மடித்துவிட்டார். பிறகு, முழங்கால் வருத்தக்காரர் என்று பெயரெடுத்த அந்த மனுசன் வாசற்படியைப் பாய்ந்து இறங்கினார். மற்ற இருவரும் பின்னால் போனார்கள். கருவாட்டைப் பிரட்டப் போனவள் சிரிக்கிற சத்தம் ஒழுங்கை முடிவு வரை கேட்டது.

கமலேஸ்வரி கோப்பைகளைக் கழுவி அடுக்கிவிட்டு வந்தாள். கோகுலன் கதவடியில் நின்று அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். முழங்காலை எங்கே ஊன்றுவது என்று விளங்கவில்லை.

அவள் வாசலைக் கடந்து, செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினாள்.

"பூட்டுக்குப் பயப்பிடாதை தம்பி. உன்ர கைக்கு லேசா இருக்கட்டும் எண்டு தம்பையா அண்ணை நேற்றே எண்ணெய் விட்டவர்."

அவள் போனாள். கோகுலன் கதவைச் சாத்தித் திறப்பைத் திருப்பினான். பூட்டு ஒரே சுற்றில் விழுந்தது.